ஏழாம் நம்பர் வீட்டின் இரண்டு மணி நேரம்

பதினோரு வீட்டு நேரத்தை இரண்டு கையாலும் வாரித் தின்றுவிட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டிய காலம் வந்ததும் வயரை பிளேடால் அறுத்துப் போட்டுவிட்டுப் போனாயே, இதற்குப் பெயர் களவு இல்லையென்றால் வேறு எதற்குத்தான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று துளசிமணி கேட்கிறாள். எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் போனாய். உன் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. ஹவுசிங் யூனிட் சி பிளாக்கில் இப்போது யாருமே சொல்வதில்லை. கதையில் உன் பங்கு மட்டும்தான் உனக்குத் தெரியும். மீதியையும் கேட்டுக்கொள்.

துளசிமணி பன்னிரண்டு வயதில் கோயம்புத்தூர் மில் கேட்டுகளுக்கு வெளியே ஆணியும் திருகாணியும் பொறுக்கத் தொடங்கியவள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மீதியைத் தராசும், தராசில் ஏமாற்றியவர்களும், அவர்களைச் சட்டையோடு பிடித்து அவள் உலுக்கிய உலுக்கல்களும் கற்றுக்கொடுத்தன. புருஷன் செத்து, ஒரே மகள் சுகந்தி கோபித்துக்கொண்டு பெங்களூர் போய், காயலான் கடையும் சி பிளாக்கில் ஒன்றாம் நம்பர் வீடும் மட்டும் மிஞ்சியிருந்த காலத்தில், கடையை மூடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு கம்பெனியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களை ஒரே லாட்டாக அடித்துப் பேசி வாங்கி வந்தாள். சி பிளாக்கில் மொத்தம் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு ஒன்று என்று, வேண்டும் என்றவர்களிடமும் வேண்டாம் என்றவர்களிடமும் சத்தம் போட்டே விற்றுத் தீர்த்தாள். ஒன்றைத் தன் வீட்டில் வைத்து, மேலே ஒரு டர்க்கி டவலைப் போர்த்தினாள்.

எட்டாம் நம்பரில் இருந்த பாலிடெக்னிக் வாத்தியார் கிருபாகரன் ஒருநாள் அவளிடம் வந்தார்.

"அக்கா, நம்ம வூட்டுக் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு நாள்ல முக்காவாசி நேரம் சும்மாதானுங்க உக்காந்திருக்குது. பன்னெண்டையும் ஒண்ணாக் கோத்துட்டா, அந்தச் சும்மா இருக்கற நேரமெல்லாம் சேந்து ஒரே பெரிய மிஷினாட்ட வேலை செய்யும். மழைக் கணக்குப் போடற ஒரு காலேஜுக்கு நாம ஒத்தாசை பண்ணலாமுங்க."

"மழை வந்தா எனக்கு இரும்பு துருப்பிடிக்கும். அதுக்கு நான் ஒத்தாசை வேற பண்ணோணுமா?" என்றாள் துளசிமணி. ஆனாலும் வயரை அவள்தான் கொடுத்தாள், கடையில் சுருள் சுருளாகக் கிடந்தது. துணி காயப்போடும் கொடிகளின் மேலேயே பால்கனிக்குப் பால்கனி வயர் ஓடியது. பாவாடைகளுக்கும் பனியன்களுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் அதுவும் ஒரு துணியைப் போலத் தொங்கியது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு, வாத்தியார் தன் வீட்டிலிருந்து பன்னிரண்டு கம்ப்யூட்டர்களையும் சேர்த்து ஓட விட்டார். அதே ஆறு மணிக்குப் பால்காரர் அவர் வீட்டு வாசலில் நின்று மணியை அழுத்தினார். கதவு திறந்தபோது வாத்தியாருக்கு ஒரு நாள் தாடி வளர்ந்திருந்தது. மேஜையில் நாற்பத்தெட்டுப் பரீட்சைப் பேப்பர்களும் திருத்தி அடுக்கியிருந்தன. காலையில் அரைத்து வைத்த மாவு புளித்துப் பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வழிந்திருந்தது. பால்காரர் மணியிலிருந்து விரலை இன்னும் எடுக்கவில்லை.

"ஒரு நாள் இருந்தேனுங்க," என்றார் வாத்தியார். "வூட்டுக்குள்ளாற மட்டும். கடிகாரம் சரியா இருபத்தி நாலு மணி நேரம் ஓடுச்சு. வெளிய பாத்தா நீங்க மணியை அழுத்திட்டே நிக்கறீங்க, காக்கா பறந்தமேனிக்கு நிக்குது. வாசப்படி தாண்டிக் கால் வெக்க முடியல. ஒரு வூட்டுக்கு ரெண்டு மணி நேரம், பன்னெண்டு வூட்டுக்கு ஒரு நாள். கணக்கு சரியா இருக்குதுங்க."

பால்காரர் அரை லிட்டரா ஒரு லிட்டரா என்று கேட்டார். ஒன்பது மணிக்குள் சி பிளாக் முழுக்கச் செய்தி பரவியது, பத்து மணிக்கு எல்லோரும் மொட்டை மாடியில் கூடினார்கள். யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. அடுத்த மாசம் யாருக்கு என்றுதான் கேட்டார்கள். பன்னிரண்டு பேர் மாதாமாதம் போட்டு ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிற காரியத்துக்கு அந்த யூனிட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அது சீட்டு. துளசிமணிதான் அங்கே சீட்டுப் பிடிப்பவள். ஆகவே நேரச் சீட்டையும் அவளே பிடிக்கட்டும் என்று முடிவானது. வாத்தியார் அனுபவித்தது வெள்ளோட்டம், அது சேர்த்தி இல்லை. குலுக்கல் முறையில் யாருக்கு எந்த மாதம் என்று தீர்மானிக்கலாம். எடுத்தவர் மீதி மாதங்களுக்குத் தன் கம்ப்யூட்டரைத் தவறாமல் ஓட விட வேண்டும். ஓடிப்போகிறவருக்கு ஜாமீன் நின்றவர் பொறுப்பு. எல்லாம் பழைய சட்டம்தான். பிடிக்கிறவருக்கு முதல் சீட்டு என்பதும் பழைய சட்டம்தான்.

அங்கேதான் இரண்டாம் நம்பர் நர்ஸ் எஸ்தர் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மொதச் சீட்டை எடுத்து நீங்க என்னக்கா பண்ணப் போறீங்க? வாசப்படி தாண்ட முடியாது, வூட்டுல பேச ஒரு ஆளில்ல. இருபத்தி நாலு மணி நேரமும் சொவத்தோட பேரம் பேசுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தர் கெட்டவள் இல்லை. துளசிமணிக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருகிறவள் அவள்தான். ஆனால் துளசிமணிக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறிவிட்டது.

"எனக்கு மொதச் சீட்டு வேண்டா! கடைசிச் சீட்டை எடுத்துக்கறேன். அன்னிக்கு என்ற வூட்டுல யாரு இருக்கறாங்கன்னு நீயே எட்டிப் பாரு!"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. பன்னிரண்டு மாதத்துக்குள் சுகந்தியை அந்த வாசப்படிக்கு உள்ளே கொண்டுவர வேண்டும்.

சீட்டு நடந்தது. நடந்தது என்றால், தண்ணீர் லாரி வருவதைப் போல, கேஸ் சிலிண்டர் மாற்றுவதைப் போல நடந்தது. முதல் ஞாயிறு ஆறு மணிக்கு யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவை மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பச்சைச் சேலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு கதவைச் சாத்துகிற பெண், சாத்திய கை எடுக்கும் முன்னே மஞ்சள் சேலையில் ஈரத்தலையோடு திறப்பாள். பத்தாம் நம்பர்க்காரி ஒரு நாள் முழுக்க வடகம் போட்டுவிடலாம் என்று மூன்று படி அரிசிக்குக் கூழ் கிளறி வைத்தாள். வெளியே விடிகாலை ஆறு மணி ஆறு மணியாகவே நின்றுவிட, வெயில் என்ற ஒன்று வரவேயில்லை. கூழ் அத்தனையும் வீணாகி, கதவைத் திறந்து மறுபடி அதே ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குள் அழுதுகொண்டே வந்தாள். ஐந்தாம் நம்பரில் குடும்பமே படுத்துத் தூங்கியது. எஸ்தருக்கும் அவள் புருஷனுக்கும் ஷிப்டு மாறி மாறி வரும், ஒருவர் நுழையும்போது இன்னொருவர் கிளம்புவார். தங்கள் முறையில் முதல் பாதி நாள் பழைய சண்டைகளையெல்லாம் போட்டு முடித்து, மறுபாதி தாயம் ஆடினார்களாம். கதவு திறந்தபோது இரண்டு பேர் முகமும் கல்யாண ஆல்பத்தில் இருப்பது போல இருந்தது. முறை வருகிற வீட்டார் முந்தின நாளே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், மாத்திரை மருந்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மாடிப்படிச் சுவரில் அட்டை தொங்கியது. சீட்டு எடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜாதகத்தில் ஒரு நாள் கூட்ட வேண்டுமா என்று யாரோ ஜோசியரைக் கேட்டார்கள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இதில் நீ எங்கே வருகிறாய் என்று உனக்குத் தெரியும். நாலாவது மாதம், ஏழாம் நம்பர் வீடு.

உனக்குக் குலுக்கலில் விழுந்தது ஒன்பதாவது. நீ துளசிமணியின் வாசலில் வந்து நின்றாய். "அக்கா, எனக்கு இந்த மாசமே வேணுங்க்கா. ஒரே ஒரு நாள் கெடைச்சா நான் மனுசனாயிருவேன்," என்றாய். என்ன காரியத்துக்கு என்று சொல்லவில்லை. ஓட்டை வாளிக்குக்கூட முன்பணம் இல்லாமல் கை வைக்க விடாதவள், உன்னிடம் காரணம்கூடக் கேட்கவில்லை. ஏன் தெரியுமா? அதற்கு முந்தின வாரம் உன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தபோது அவள் உள்ளே பார்த்திருந்தாள். அடுப்பு மேடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. கழுவி, கவிழ்த்து, வரிசையாக. அவள் வீட்டிலும் அதேதான். தனக்கென்று ஒரு தட்டை மட்டும் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று சி பிளாக்கில் உங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"குடுங்க அந்தத் தம்பிக்கு. நான் ஜாமீன்," என்றாள் மொட்டை மாடியில், எல்லோர் முன்னாலும்.

உன் நாள் முடிந்து கதவைத் திறந்தபோது உன் கண்கள் சிவந்திருந்தன. மூன்றாவது வாரம் வீடு காலி. இரண்டாம் மாடிக் கொடியில் அறுந்த வயர் நுனி ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு தேன்சிட்டு உட்கார்ந்திருந்ததாம். அதையும் அவள் திட்டினாள்.

ஜாமீன் என்றால் ஜாமீன்தான். ஐந்தாம் மாதத்திலிருந்து பதினோராம் மாதம் வரை உன் இரண்டு மணி நேரத்தையும் துளசிமணியின் கம்ப்யூட்டரே சேர்த்து ஓடிக் கொடுத்தது. மற்ற வீடுகளுக்கு ஒரு நிமிஷம் குறையவில்லை. ஏழு முறை அந்தப் பெட்டி இரண்டு வீட்டுச் சுமையைச் சுமந்தது. ஃபேன் காற்றுக்குத் தவிக்கிற மனுஷனைப் போல இரைந்தது, அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். "உனக்கும் எனக்கும் இதே பொழப்பாப் போச்சு, விடு," என்று அதனிடம் சொல்வாள். வேறு யாரிடமும் அவள் அவ்வளவு தணிந்து பேசிக் கேட்டதில்லை என்று எஸ்தர் சொல்கிறாள்.

இனி சுகந்தி. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குப் பிடித்த பையன் வீட்டார் பேச வந்தார்கள். நல்ல மனிதர்கள். துளசிமணிக்குப் பேரம் பேசாமல் எதையும் வாங்கவும் தெரியாது, கொடுக்கவும் தெரியாது. நகை, சீர் என்று அவர்கள் ஒன்று சொல்ல இவள் ஒன்று சொல்ல, அவர்கள் விட்டுக்கொடுக்க இவள் இன்னும் அமுக்க, கடைசியில் பையனின் அப்பா காப்பியைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "பழைய இரும்புக்கு வெலை பேசற மாதிரிப் பேசறீங்கம்மா," என்றார். போய்விட்டார்கள். அந்தப் பையனுக்கு ஆறு மாதத்தில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. சுகந்தி அழவில்லை, சண்டை போடவில்லை, பையை எடுத்துக்கொண்டு பெங்களூர் போனாள். அதற்குப் பிறகு போனில் ஒரே பதில்தான்: "நேரமில்லம்மா."

இப்போது நேரம் துளசிமணியின் கையில் இருந்தது.

"ஞாயித்துக்கெழமை காலைல ஆறுக்குள்ள வூட்டுக்குள்ளாற வந்துரு. ஆறு மணிக்கே திரும்பிப் போயிரு."

"அஞ்சு நிமிசத்துக்கா அம்மா கோயம்புத்தூர் வரணும்?"

"ஒரு நாள் முழுசா இருப்பே. உன்ற கணக்குல அது ஏறாது. உனக்கு ஒரு நிமிசம் நட்டமில்ல."

சீட்டு எப்படி நடக்கிறது என்று சுகந்தி இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். "எனக்கு ஆறே முக்காலுக்கு ரயில். ஞாயிறானாலும் மத்தியானம் ஆபீஸ்ல இருக்கணும். கார் வாசல்லயே நிக்கும். சரியா?"

"செரி."

"பேரம் பேச மாட்டியா?"

"இல்ல."

போனை வைத்துவிட்டுத் துளசிமணி புதிதாக ஒரு தட்டும் ஒரு டம்ளரும் வாங்கப் போனாள். கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தாள். கடைக்காரர் தெருமுனை வரை வந்து அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று பார்த்தார்.

பன்னிரண்டாம் மாதம் முதல் ஞாயிறு. ஆறுக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் சுகந்தி படியேறி வந்தாள், பையைக்கூட இறக்காமல் உள்ளே வந்தாள். எஸ்தர் எதிர்வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துளசிமணி அவளைப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கீழே காரில் டிரைவர் ஹாரன் மேல் கையை வைத்தார். அந்தக் கை அப்படியே நின்றது.

அந்த நாளில் என்ன நடந்தது என்று கேட்கிறாயா? ஒன்றும் நடக்கவில்லை. தோசை சுட்டாள், மகள் நாலு தின்றாள், ஐந்தாவதற்குச் சண்டை. மகளின் செருப்பு என்ன விலை என்று கேட்டாள், சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அதுல பாதிக்கு நான் வாங்கித் தந்திருப்பேனே அம்மிணி!" "இது பெங்களூரும்மா." "பெங்களூர்ல கால் வேற மாதிரியா இருக்கும்?" சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஏழு மணி நேரம் தூங்கினாள். துளசிமணி தூங்கவில்லை. மகள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே விடிந்தும் விடியாமலும் ஒரே வெளிச்சம், தெருவில் ஒரு நாய் தூக்கிய காலோடு நின்றது, உலகத்தில் வேறு எவரும் இல்லை, இவர்கள் இரண்டு பேர்தான்.

சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் அவளிடம் இருந்தது. தப்பு என்மேல்தான் என்ற வாக்கியம். அதை அவள் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு என்று வைத்திருந்தாள். நாற்பது வருஷப் பழக்கம் அது. மனதில் இருக்கிற தொகையை ஆரம்பத்திலேயே எடுத்துச் சொல்கிறவன் வியாபாரி இல்லை, எதிராளி எழுந்து நின்று செருப்பை மாட்டும்போதுதான் கையைத் திறக்க வேண்டும். மகளிடமும் அப்படித்தான் செய்தாள். காப்பி குடிக்கையில் சொல்லலாம் என்று தோன்றியது, இல்லை, இன்னும் நேரம் இருக்கிறது என்று விட்டாள். பழைய போட்டோக்களைப் பார்க்கையில் சுகந்தியே, "அப்ப நீ நெனச்சிருந்தா..." என்று தொடங்கி நிறுத்தினாள். அப்போதும் துளசிமணி கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது என்று விட்டாள்.

இருபத்திரண்டாவது மணி நேரம் முடிகிற சமயம் மகளைக் கீழே உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைத்தாள். முகத்தைப் பார்க்காமல் பேச அதுதான் தோது. விரல்கள் முடிக்குள் போயின. சுகந்தி கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்தாள், மூன்று வருஷத்தில் முதல்முறையாகத் தன் கனத்தை அம்மாவின் மடியில் போட்டாள்.

"அம்மிணி."

"ம்."

"அன்னிக்கு அவிய வந்தப்போ, நான்..."

கீழே கார் ஹாரன் அடித்தது.

நாய் காலைக் கீழே வைத்தது. பால்காரர் மூன்றாம் நம்பர் மணியை அழுத்தினார். சுகந்தி துள்ளி எழுந்தாள். "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குன்னியே?" துளசிமணி எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தாள். சுகந்தி எண்ணெய் வடியும் தலையில் துண்டைச் சுற்றினாள், பையை எடுத்தாள், வாசலில் நின்று திரும்பினாள்.

"என்னமோ சொல்ல வந்தியே. சொல்லு."

எதிர்வாசல் திறந்திருந்தது. படியில் யாரோ தண்ணீர்க் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார்.

"ஒண்ணுமில்ல. வண்டி நிக்குது, போ," என்றாள் துளசிமணி.

மகள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு படியிறங்கினாள்.

வாத்தியார் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்து விளக்கினார். மற்றவர்களுக்காக உன் பங்கைச் சுமந்த கம்ப்யூட்டர், சொந்தக்காரி முறையில் சுமக்காது. தனக்குத் தானே ஜாமீன் நிற்க முடியாது என்பது அதற்கும் தெரிந்திருக்கிறது. உன் இடத்தில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள். உன் கடனுக்கு வேறு பெட்டியை அந்தச் சீட்டு ஏற்கவில்லை. எடுத்தவன்தான் கட்ட வேண்டும். சி பிளாக் இரண்டு நாள் உச்சுக்கொட்டியது. பிறகு பதினோரு வீடாக அடுத்த சுற்றை ஆரம்பித்துவிட்டது. இருபத்திரண்டு மணி நேரமே தாராளம் என்கிறார்கள். அட்டையில் திருத்தி எழுதியாயிற்று. துளசிமணி அவர்களுக்குத் தன் பங்கை ஓட விடுகிறாள், ஆனால் குலுக்கலில் தன் பெயரைப் போட விடவில்லை. என்னுடைய பழைய சீட்டு இன்னும் முடியவில்லை என்கிறாள்.

"போன்லயே சொல்லிருங்கக்கா," என்று எஸ்தர் சொல்லிப் பார்த்தாள். போனில் தொடங்கியதெல்லாம் இதுவரை சண்டையில்தான் முடிந்திருக்கிறது. அதுவுமில்லாமல் வெளி உலகம் ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வராது. அவளுக்கு அது தெரியும். சுகந்திக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே கூப்பிடுகிறாள், வேறொன்றும் பேசுவதில்லை, ஒன்றே ஒன்று கேட்கிறாள்: "அந்த ரெண்டு மணி நேரம் வந்துச்சாம்மா? வந்தா சொல்லு, வர்றேன்."

ஆகவே நீ வர வேண்டும். நீ எந்த ஊரில் இருந்தாலும், அன்று உன் நாளில் எதற்காக அழுதிருந்தாலும், அதை அவள் கேட்கப் போவதில்லை. ஆளாகிவிட்டாயா, ஒரு தட்டு இரண்டு தட்டாகிவிட்டதா, சந்தோஷம், இரண்டு பேராகவே வா. போலீஸ் இல்லை, பஞ்சாயத்து இல்லை. பெட்டியைக் கொண்டுவந்து இரண்டாம் மாடியில் வை, வயர் நுனி இன்னும் கொடியில்தான் இருக்கிறது, செருகு. இரண்டு மணி நேரம் முழுசாக முடியாது என்கிறாயா, ஒரு மணி நேரம் கொடு. ஒரு மணி அதிகமா, அரை மணி. அதுவும் ஆகாதா? அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள், தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாலும் அந்த வாக்கியத்துக்கு அரை நிமிஷம்தான் ஆகும், மகள் அதற்கு ஏதாவது பதில் சொல்ல ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம்! அதற்குக் கீழே இறங்க முடியாது. வா. வந்து கட்டிவிட்டுப் போ.